வரி குறையலாம், குரோமியம் டெஸ்ட் போகாது

கேள்வி: பேரணாம்பட்டில் தோல் கையுறை தைக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டாச்சு, இனி குரோமியம் டெஸ்ட் வேண்டாம், ‘ஒப்பந்தச் சான்று’ போதும், 35 ஆயிரம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சான்றே கிடையாது.

2025 ஜூலை 24-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தால் உங்களுக்கு லாபம் சுங்க வரியில்தான். வாங்குபவர் உடம்பில் படும் தோலில் என்ன இருக்கக் கூடாது என்பதை அவர்கள் நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும். குரோமியம் டெஸ்ட் தேடுவது குரோம் ஆறை, அதாவது குரோமியத்தின் கெடுதலான வடிவத்தை. அது ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. ஐரோப்பாவில் 2015 மே முதல் இருக்கும் இந்த வரம்பை, பிரிந்துபோன பிரிட்டனும் கைவிடவில்லை. அணிபவரின் சருமத்தில் வரும் அலர்ஜிக்குப் பயந்து வைத்த விதி அது.

‘ஒழுங்குமுறை ஒத்துழைப்பு’ என்ற சொல் ஏஜென்ட் காதில் விழுந்திருக்கும். விதி மாறும்போது இரு அரசுகளும் முன்கூட்டிச் சொல்லிப் பேசிக்கொள்வதுதான் பெரும்பாலும் அது.

ஒரு விதிவிலக்கைக் காட்டி மடக்கப் பார்ப்பார், தெரிந்துகொள்ளுங்கள். 2022 மே முதல் நடப்பில் உள்ள இந்திய–அமீரக ஒப்பந்தத்தில் மருந்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன் போன்ற இடங்களில் ஏற்கெனவே அனுமதி வாங்கிய மருந்துக்கு 90 நாளில் அங்கே அனுமதி. அதுவும் விண்ணப்பித்தால்தான். மருந்துக்கு எழுதியதைக் கையுறைக்கு இழுக்க முடியாது.

வரிச் சலுகைக்குக் கேட்பது பிறப்பிடச் சான்று. பொருள் இந்தியாவில் செய்தது என்று மட்டும் சொல்லும். பாதுகாப்பானதா என்று அது சொல்லாது. இரண்டையும் குழப்பித்தான் காசு பறிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதத் தெரிந்த அதிகாரிகளுக்கு, ஆம்பூர், வாணியம்பாடிச் சிறு யூனிட்களுக்குத் தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்துத் தர ஏன் மனம் வரவில்லை? அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

இன்னொரு பொறி, டேனரி (தோல் பதனிடும் ஆலை) நீட்டும் பழைய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ். அங்கே பாஸான தோலே, தகரக் கூரைக்கடியில் நம்மூர் சித்திரை வெயிலில் கிடந்தால் பதனிடச் சேர்த்த குரோம் மூன்று என்ற வடிவம், குரோம் ஆறாக மாறலாம். மீன் எண்ணெய் ஏற்றிய தோலில் ஆபத்து கூடுதல். எனவே 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்த பிறகு சோதிக்கும் ‘ஏஜிங்’ டெஸ்டைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த ஆய்வக ரிப்போர்ட்டை ஏற்பீர்கள் என்று பிரிட்டன் வாங்குநருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பிறகு சென்னை அடையாறு சி.எல்.ஆர்.ஐ.யிலோ (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்), ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்திலோ, உங்கள் பெயரில், இந்த லாட் எண்ணுக்கே ரிப்போர்ட் எடுங்கள்.