தூக்கம் வந்தால் டீ குடித்துச் சமாளித்து ஓட்டலாமா?

இரவு நீண்ட தூரம் கார் ஓட்டும்போது தூக்கம் வந்தால், டீ குடித்து, பாட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அப்படிச் சமாளிக்கப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மதுரையில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். விடியற்காலை 3:30 மணிக்கு எழுந்தவன், பகல் முழுக்கப் பந்தியும் அலைச்சலுமாக இருந்துவிட்டு, மறுநாள் ஆபீஸ் இருக்கிறதே என்று இரவு 10 மணிக்குச் சென்னைக்குக் கிளம்பினேன். “படுத்துட்டு விடியக்காலம் போயேன்டா” என்றாள் அக்கா. கேட்கவில்லை.

திருச்சி பக்கம் டீ. பெரம்பலூர் தாண்டியதும் விடாமல் கொட்டாவி. கண்ணாடியை இறக்கினேன், பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் ஒரு பாலம் ஏறியது ஞாபகம் இருக்கிறது, இறங்கியது ஞாபகமில்லை. சென்டர் மீடியனில் வளர்ந்திருந்த அரளிக் கிளைகள் வலப்பக்கச் சைடு மிரரில் சரசரவென்று அடித்த சத்தத்தில்தான் விழித்தேன். பின்சீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டு மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் எதுவுமே தெரியாது. விடிந்த பிறகு பார்த்தால், மிரருக்கும் கதவுக்கும் இடையில் ஓர் அரளிப்பூ நசுங்கி ஒட்டியிருந்தது.

அந்தச் சில நொடிகள் நான் தூங்கினேன் என்பதே எனக்குத் தெரியாது. இதில் பயங்கரமே அதுதான். களைத்துப்போன மூளை நம்மைக் கேட்காமலே சில நொடிகள் அணைந்துவிடும், சில சமயம் கண் திறந்திருக்கும்போதே. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகும். 4 நொடி கண் அசந்தால் 110 மீட்டருக்கு மேல் வண்டியை ஓட்ட ஆளே இல்லை. தூங்குகிறவன் பிரேக்கும் போடமாட்டான். அதனால்தான் இந்த விபத்துகளில் வண்டி முழு வேகத்தில் போய் மோதுகிறது.

24 மணி நேரம் தூங்காதவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். அன்று நான் விழித்து ஏறக்குறைய 23 மணி நேரம் ஆகியிருந்தது. குடித்துவிட்டு வண்டியைத் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நான், அந்த நிலையில்தான் மகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சரி, டீ? காபியோ டீயோ வேலை செய்ய 20, 30 நிமிடம் பிடிக்கும். குடித்த கையோடு வண்டியை எடுப்பதில் பயனில்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு, அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்குங்கள். எழும்போது காபியும் வேலையை ஆரம்பித்திருக்கும். அதுவும் கொஞ்ச தூரத்துக்குத்தான் தாங்கும். 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கிற நேரம். அந்த நேரத்தில் ரோட்டில் இல்லாதபடி பயணத்தை அமைப்பதுதான் நல்லது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு வேன் பிடிக்கிறோம், ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறோம். “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்று எல்லாரும் கேட்கிறோம். “தூங்கினீங்களா?” என்று யாரும் கேட்பதில்லை. நாம் மண்டபத்து அறையில் படுக்கிறோம். அவர் கொசுக்கடியில் வேன் சீட்டில் கால் மடக்கிக் கிடக்கிறார். அடுத்த நாள் நம் மொத்தக் குடும்பமும் அவர் கண்ணை நம்பித்தான் உட்காருகிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவிடாமல் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்றும் சொன்னது. முன்பதிவு செய்யும் நாம்தான் “ராத்திரியோட ராத்திரியா போயிடலாம்ணே” என்று அவரை அவசரப்படுத்துகிறோம்.

போன மாதம் பழனிக்குப் போக வேன் வந்தபோது டிரைவரிடம் கேட்டேன். திருப்பதி டிரிப் முடித்து 4 மணிக்குத்தான் இறங்கினாராம். முகம் கழுவினால் சரியாயிடும் சார் என்றார். ஹாலில் ஃபேனுக்கு அடியில் பாய் போட்டுக் கொடுத்தோம். காலை 6 மணிக்குக் கிளம்பவேண்டியவர்கள் 11 மணிக்குக் கிளம்பினோம்.