ஃபாரெக்ஸ் டிரேடிங் செய்யக் கணிதத்தில் புலியாக இருக்க வேண்டுமா?

கேள்வி: பள்ளி நாளிலிருந்தே எனக்குக் கணக்கு வராது. கல்லூரியில் இலக்கியம் படித்தேன். கரன்சி டிரேடிங் (ஃபாரெக்ஸ்) கற்றுக்கொள்ள ஆசை. அதற்கு உயர் கணிதமும் புள்ளியியலும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஒரு பயிற்சி நிறுவனத்தில். தெரியாவிட்டால் பணத்தைத் தங்களிடம் ஒப்படைத்துவிடலாம், லாபத்தில் பங்கு தந்தால் போதுமாம். என்னிடம் 1,000 டாலர் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உயர் கணிதம் வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம் தெரிந்தால் போதும். அதையும் மொபைலில் உள்ள கால்குலேட்டர் செய்துவிடும். பெரிய வங்கிகளில் கணித முனைவர்கள் உட்கார்ந்திருப்பது உண்மைதான். அவர்கள் ஆப்ஷன்களுக்கு (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களுக்கு) விலை கணிக்கிறார்கள், தானாக வாங்கி விற்கும் நிரல்களை எழுதுகிறார்கள். அந்த வேலைக்கும் நீங்கள் செய்யப்போவதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் அந்தச் சதவீதக் கணக்கை ஆர்டர் போடுவதற்கு முன்னால் நீங்களேதான் போட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

செய்து பார்ப்போம். ஒரு டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 டாலருக்கு அது 10 டாலர். யூரோ-டாலர் ஜோடியை, அதாவது டாலர் கொடுத்து யூரோவை, 1.1000-இல் வாங்கி, 1.0950-இல் ஸ்டாப் லாஸ் (விலை அதுவரை இறங்கினால் விற்றுவிடச் சொல்லும் ஆர்டர்) வைக்கிறீர்கள். நான்காவது தசம இடத்தில் 1 நகர்ந்தால் ஒரு பிப். ஆக இடைவெளி 50 பிப். 10 டாலரை 50-ஆல் வகுத்தால் பிப்புக்கு 20 சென்ட். இந்த ஜோடியில் ஒரு மைக்ரோ லாட், அதாவது 1,000 யூரோ, பிப்புக்கு 10 சென்ட் நகரும். எனவே இரண்டு மைக்ரோ லாட் வாங்கலாம். கையில் உள்ளதைவிட அதிக மதிப்புக்கு வாங்கப் புரோக்கர் இடம் தருவார், அதற்குப் பெயர் லெவரேஜ். அவ்வளவுதான் கணக்கு. மற்ற ஜோடிகளுக்குப் பிப் மதிப்பு மாறும், புரோக்கரின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

செலவையும் பாருங்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம், ஸ்பிரெட், 1.5 பிப் என்றால் மேலே சொன்ன அளவுக்கு ஒரு டிரேடுக்கு 30 சென்ட். அற்பமாகத் தெரியும். தினம் 10 டிரேடு, மாதம் 20 நாள் என்று போனால் 60 டாலர். உங்கள் முதலீட்டில் 6 சதவீதம் மாதாமாதம் இப்படியே போய்விடும், உங்கள் கணிப்பு சரியோ தப்போ.

இப்போது அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு வருகிறேன். கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் இவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள். ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் இடைத்தரகருக்குப் பல புரோக்கர்கள் லாட் கணக்கில் கமிஷன் தருகிறார்கள். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்குக் காசு. நீங்கள் அடிக்கடி டிரேடு செய்தால் போதும். பணத்தை ஒப்படைத்தால் இன்னும் மோசம். லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு, நஷ்டம் முழுக்க உங்களுடையது. இருபது பேரின் பணத்தில் பத்துப் பேருக்கு யூரோவை வாங்கி, பத்துப் பேருக்கு விற்றால் எப்படியும் ஒரு பாதி ஜெயிக்கும். அந்தப் பாதியிடம் பங்கு வாங்கிக்கொள்வார், ஜெயித்தவர்களின் ஸ்கிரீன்ஷாட்டை அடுத்த ஆளிடம் காட்டுவார்.

எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று தாங்கள் அனுப்பும் சிக்னல்களைப் பற்றி, "பத்துக்கு ஒன்பது சிக்னல் ஜெயிக்கும்" என்பார்கள். 100 டிரேடில் 90 தடவை 1 டாலர் வந்து, 10 தடவை 15 டாலர் போனால் 60 டாலர் நஷ்டம். 40 தடவை 2 டாலர் வந்து, 60 தடவை 1 டாலர் போனால் 20 டாலர் லாபம். எத்தனை தடவை ஜெயித்தார் என்று மட்டும் சொல்லி, தோற்றபோது எவ்வளவு போனது என்று சொல்லாதவரை நம்பாதீர்கள். "தினம் வெறும் 1 சதவீதம்" என்பவரிடம் கால்குலேட்டரை நீட்டுங்கள். ஆண்டுக்கு 250 வர்த்தக நாட்களில் பணம் 12 மடங்காகும். உங்கள் 1,000 டாலர் மூன்றாம் ஆண்டு முடிவில் 17 லட்சம் டாலரைத் தாண்டும். அப்படி முடிந்தவருக்கு உங்கள் பணம் எதற்கு?

கட்டுப்பாட்டு அமைப்புகள் மேல் எனக்குப் பொறுமை போய்விட்டது. சிஎஃப்டி முறையில் (பொருளை வாங்காமல் விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்கும் ஒப்பந்தத்தில்) டிரேடு செய்யும் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டமடைகின்றன என்று ஐரோப்பியப் பத்திரங்கள் மற்றும் சந்தைகள் ஆணையமே (ESMA) 2018-இல் சொன்னது. முக்கிய ஜோடிகளுக்கு லெவரேஜை 30 மடங்கோடு நிறுத்தியது. நல்லது. ஆனால் எங்கோ ஒரு குட்டித் தீவில் உரிமம் வாங்கிய புரோக்கர் 500 மடங்கு தருகிறேன் என்று விளம்பரம் செய்வதை யார் தடுக்கிறார்கள்? அந்த 500 மடங்கையும் பயன்படுத்தினால், விலை 0.2 சதவீதம் எதிராக நகர்ந்தாலே முதலீடு காலி. மக்கள் ஏமாந்த பிறகுதான் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறுகிறது.

மேலே போட்ட கணக்கு பொய்த்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டாப் லாஸ் உத்தரவாதம் இல்லை. "இந்த விலையைத் தொட்டால், கிடைக்கும் விலைக்கு விற்றுவிடு" என்கிற ஆர்டர்தான் அது. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பரில் அறிவித்து, மூன்று ஆண்டுக்கு மேல் காப்பாற்றியும் வந்தது. 1.20-க்குச் சற்று மேலே வாங்கி, சற்றுக் கீழே ஸ்டாப் வைத்தவர்கள் தாளில் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. 2015 ஜனவரி 15 அன்று வங்கி முன்னறிவிப்பு இல்லாமல் அந்த வாக்கைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே விழுந்தது. இடையில் வாங்க ஆளே இல்லை. பல ஸ்டாப்கள் வெகு கீழே நிறைவேறின, முதலீடு போனது போக புரோக்கருக்கே கடன்பட்டவர்கள் உண்டு. சில புரோக்கர்கள் திவாலானார்கள். கணிதம் தெரிந்தவர், தெரியாதவர் என்று அந்த வீழ்ச்சி பார்க்கவில்லை. எவ்வளவு பெரிதாக வாங்கியிருந்தார் என்பதுதான் முடிவு செய்தது. இரண்டு மைக்ரோ லாட் வைத்திருந்தவருக்கு 0.20 வீழ்ச்சியில் 400 பிராங்க் நஷ்டம். வலிக்கும், ஆனாலும் தாங்கலாம். 30,000 யூரோ வாங்கியிருந்தவருக்கு 6,000 பிராங்க். அதனால் புரோக்கரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, உங்கள் 1,000 டாலருக்கு வருவோம். யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். உங்கள் நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் புரோக்கரின் உரிம எண்ணைச் சரிபாருங்கள். சில வாரம் நிஜப் பணம் இல்லாத டெமோ கணக்கில், ஒவ்வொரு டிரேடுக்கும் லாட் அளவைத் தாளில் எழுதிப் பழகுங்கள். அப்புறம் 100 டாலர் மட்டும் போட்டு, ஒற்றை மைக்ரோ லாட்டில் சில டிரேடுகள் செய்துவிட்டு, 50 டாலரை வெளியே எடுத்துப் பாருங்கள். நேர்மையான புரோக்கர் கட்டணம் ஏதும் இருந்தால் இருப்பிலிருந்து கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். பணத்தை எடுக்க முதலில் வரி கட்டு, வைப்புத்தொகை கட்டு என்று கேட்டால் இன்னொரு காசுகூடக் கட்டாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதி 900 டாலர் உங்கள் கையில்தான் இருக்கும்.