குளவிக் கூடும் குப்பைமேனியும்

கேள்வி: மதுரையில் இயற்கை என்று பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் ஜன்னலில் குளவிக் கூடு, வாசலில் குப்பைமேனி. ஆண்டுக்கு ஒருமுறை கொடைக்கானல் போய் வருவதற்குள் கையைக் கடிக்கிறது.
– ஒரு வாசகி, எல்லீஸ் நகர், மதுரை

பதில்: கேள்விக்குள்ளேயே இரண்டு பதில்களை எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள், அம்மா.

அந்தக் கூட்டை இடிப்பதற்கு முன் பிள்ளைகளோடு அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்காருங்கள். குழாயடி ஈரத்திலிருந்து சின்ன மண் உருண்டையைக் கவ்விக்கொண்டு குளவி வரும். ரீங்காரமிட்டபடியே அதைப் பூசி இழைக்கும். ஓர் அறை முடிந்ததும் சிலந்தி வேட்டை. கொட்டி முடக்குமே தவிரக் கொல்லாது. செத்தால் அழுகிவிடும் அல்லவா? அறை நிறையச் சிலந்திகளை அடைத்து, ஒரே ஒரு முட்டை இட்டு, வாயை மண்ணால் பூசி மூடிவிடும். பொரிந்து வரும் புழு வளர்ந்து முடியும்வரை அதுதான் சாப்பாடு. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்லி, நம் பாட்டிமார் அதன்மேல் துடைப்பம் படவிட மாட்டார்கள். பயப்பட வேண்டாம். கூட்டமாகத் துரத்திக் கொட்டும் கதண்டு வேறு, இது தனியாள். கையில் பிடித்து நசுக்கினாலொழிய அநேகமாகக் கொட்டாது.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர். ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தெருப் பூனையின் முன் போடுங்கள். பெரும்பாலான பூனைகள் வேரை மோந்து, முகத்தை உரசி, புரள ஆரம்பித்துவிடும்.

கொடைக்கானலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அங்கே எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு மனிதர் நட்டு வளர்த்தது. உங்கள் வாசல் குப்பைமேனி யாரும் நடாமல் தானாக வந்தது.

'என்ன இருக்கிறது' என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெறும் பாறைதான். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவான இடம் அது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது, சுனையையும் கண்மாயையும் பெயர் சொல்லி அறிந்த ஊர்மக்கள் மதுரை நோக்கித் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வெறும் பாறை என்று அவர்களும் நினைத்திருந்தால் யார் நடந்திருப்பார்கள்?

கூட்டுக்கு வருகிறேன். அதில் பென்சில் நுழையும் அளவு வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால், உள்ளே வளர்ந்த குளவி பறந்துவிட்டது என்று பொருள். அறைகள் எல்லாவற்றிலும் ஓட்டை விழட்டும். பிறகு துடைத்துக்கொள்ளுங்கள்.