பூஞ்சணத்தைப் போக்க 35 சதவீதம் எதற்கு?

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் வாசகி கேட்கிறார்: “மழை தொடங்கினால் குளியலறைச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. பாமசியில் சிறு சிறு போத்தலாக ஐதரசன் பேரொட்சைட்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. புறக்கோட்டையில் 35 சதவீதம் கலனாகவே வாங்கலாம் என்கிறார்கள். தண்ணீர் கலந்து பாவிக்கலாமா?”

வேண்டாம். காசுக் கணக்கில் லாபம்தான். ஆனால் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, வெயில் படாத பூட்டிய இடம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பாமசிப் போத்தலில் உள்ள 3 சதவீதக் கரைசல் கையில் பட்டால் கழுவிவிட்டுப் போகலாம். 35 சதவீதமோ பட்ட இடத்தை வெளுக்கச் செய்து எரிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அதில் ஒரு மில்லிலீற்றர் சிதைந்தால் 100 மில்லிலீற்றருக்கும் மேல் ஒட்சிசன் வெளிவரும். விழுங்கியவர்களின் இரத்தக் குழாய்க்குள் அந்த வாயு குமிழியாகப் புகுந்து உயிரைப் பறித்ததும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்ததைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்தவர்களும் இருக்கிறார்கள். ‘உணவுத் தரம்’ என்ற லேபிளைப் பார்த்துச் சிலர் துளித்துளியாக மருந்துபோல் அருந்துகிறார்கள். இந்த வழக்கத்துக்கு எதிராக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இலேயே எச்சரித்துவிட்டது.

போத்தலில் ‘10 வொலியூம்’ என்றிருந்தால் அது 3 சதவீதம். 20 என்றால் 6. சுவருக்கு 3 போதும். ஜன்னலைத் திறந்து வைத்துத் தெளியுங்கள். பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துத் துடையுங்கள். நிறப்பூச்சு வெளுக்கக்கூடும் என்பதால் முதலில் ஒரு மூலையில் பாருங்கள். வினாகிரியோ ப்ளீச்சோ எதையும் இதனுடன் கலக்க வேண்டாம். வினாகிரி சேர்ந்தால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமிலம் உண்டாகும். ஈரம் வெளியேற வழியில்லாத குளியலறையில் எதைத் தெளித்தாலும் பூஞ்சணம் திரும்பி வரும். கலனுக்கென்று நினைத்த பணத்தை ஒரு காற்று வெளியேற்றும் விசிறிக்குச் செலவிடலாம்.

கலனை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தண்ணீர்ப் போத்தலுக்கு மாற்றாதீர்கள். காற்றுத் துளையுள்ள அதன் சொந்த மூடியை வேறு மூடியால் மாற்றி இறுக்கவும் வேண்டாம். கொழும்பு வெக்கையில் வாயு பெருகிக் கலன் வெடிக்கலாம். திறக்காமல் கடைக்கே திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். சிந்தினால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்த துணியை அலசாமல் குப்பையில் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும்.

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

பாதி தீர்ந்த பாமசிப் போத்தல் இன்னும் வேலை செய்யுமா என்று சந்தேகமா? வெட்டிய உருளைக்கிழங்கில் ஒரு துளி விடுங்கள். நுரைத்தால் பாவிக்கலாம்; சும்மா கிடந்தால் புதிது வாங்குங்கள். அந்தக் கிழங்கைக் கறியில் போட்டுவிடாதீர்கள்.