வாசகர் கேள்வி: ‘சி’ வாங்கிய பள்ளியில் மகனைப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: கணவரின் காற்றாலை வேலைக்காக மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊருக்கு வந்திருக்கிறோம். மகன் ஐந்தாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வரை சேர்த்து மொத்தமே 200 பிள்ளைகள்தான். மாநில அரசு இந்தப் பள்ளி மாவட்டத்துக்கு (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ‘சி’ தரம் கொடுத்திருக்கிறது. புதிதாக ஜிம் கட்டுகிறார்கள், ஆனால் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. பணத்தை வீணாக்குகிறார்களா? பெரிய ஊருக்கு வீடு மாறிவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, அவசரப்பட்டு வீடு மாற வேண்டாம். அதே மாநிலத்தில், உங்கள் ஊரைப் போன்ற ஒரு இடத்தில் 11 வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான்.

முதலில் அந்த ‘சி’. பெரும்பாலும் பிள்ளைகளின் தேர்வு முடிவுகளை வைத்து மாநிலம் போடும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையான எழுத்து அது. உங்கள் மகன் வகுப்பில் 14 பேர் இருப்பார்களா? அப்படியானால் ஒரு பிள்ளை தேர்வில் சறுக்கினாலே தேர்ச்சி 7 சதவீதம் இறங்கிவிடும். ஒரு வருஷம் என் வகுப்பில் இரண்டு குடும்பங்கள் பாதியில் ஊரை விட்டுப் போயின. இரண்டு பேருமே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். அந்த வருஷ மதிப்பெண் சரிந்தது. நான் பாடம் நடத்திய விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதனால் ஒரு வருஷ எழுத்தை நம்பாதீர்கள். நாலைந்து வருஷத்தை அடுக்கி வைத்துப் பாருங்கள்.

அடுத்து ஜிம். எல்லோரும் கோபப்படுவது இங்கேதான், நானும் கோபப்பட்டிருக்கிறேன். டெக்சாஸில் சொத்து வரி இரண்டு தனித்தனிப் பைகளில் விழும். ஒன்று சம்பளம், பஸ், மின்சாரம் போன்ற அன்றாடச் செலவுக்கு. இன்னொன்று கட்டடக் கடனை அடைக்க. கடன் பையில் இருப்பதை எடுத்து ஆசிரியருக்குச் சம்பளம் தர சட்டத்தில் இடமில்லை. காற்றாலைகளால் ஊரின் சொத்து மதிப்பு கூடினால், அன்றாடப் பையில் வரம்புக்கு மேல் சேர்வதை மாநிலம் எடுத்துக்கொள்ளும். 1993இல் வந்த ஏற்பாடு அது, ‘ராபின் ஹூட்’ என்பார்கள். கடன் பையை அது தொடுவதில்லை. ஆகவே ஊர் மக்கள் ஓட்டுப் போட்டால் ஜிம் எழும்பிவிடும், இயற்பியல் நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கும். யாரும் வீணாக்கவில்லை, சட்டம் அப்படி.

அந்த அன்றாடப் பையின் வரம்பை மாநிலம் எப்படிக் கணக்கிடுகிறது தெரியுமா? எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை வைத்து அல்ல, தினமும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்து. எங்கள் பள்ளியில் காலை 10 மணிதான் கணக்கு. ஒரு மழை நாளில் ஓடை பெருகி, ஒரு அம்மாவின் பிக்கப் வண்டி மாட்டிக்கொண்டது. நனைந்த காலணியோடு மூன்று பிள்ளைகள் 10.20க்கு உள்ளே வந்தார்கள். எங்கள் குமாஸ்தா அம்மா கடிகாரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து படித்தும் மூன்று பேரும் கணக்கில் ‘ஆப்சென்ட்’தான். 200 பேர் உள்ள இடத்தில் இப்படி மாதம் பத்து நாள் ஆனால் வலிக்கும். இதில் உங்களால் ஆகக்கூடிய ஒன்று உண்டு. மகனைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு அன்றே பள்ளிக்கு அழைத்து வாருங்கள். வந்ததாகவே கணக்கு.

தொகையும் பெரிதல்ல. 2019இல் மாணவருக்கு அடிப்படை 6,160 டாலர் என்று வைத்தார்கள். விலைவாசி ஏறியும் 2025 வரை அது அசையவில்லை. அப்புறம் கூடியது 55 டாலர். ஆனால் அதே 2025 சட்டம், 5,000 மாணவருக்கு மேற்படாத மாவட்டங்களில் ஐந்து வருஷ அனுபவம் உள்ள ஆசிரியருக்கு 8,000 டாலர் உயர்வு தந்தது. இதை மனதார வரவேற்கிறேன். ஏனென்றால் சின்னப் பள்ளியைச் சாய்ப்பது ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருப்பதுதான். நான் சேர்ந்த முதல் வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். கணக்கில் சந்தேகமாக்கும் என்று நினைத்தேன். “மிஸ், கிறிஸ்துமஸுக்கு அப்புறமும் இருப்பீங்களா?” என்று கேட்டான். அதற்கு முந்தைய வருஷம் அவனுக்கு மூன்று கணக்கு ஆசிரியர்கள் மாறியிருந்தார்கள்.

எனவே நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெளியிடும் ஆண்டறிக்கையில், எத்தனை சதவீத ஆசிரியர்கள் விலகினார்கள், இருப்பவர்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் போர்டு கூட்டத்துக்குப் போங்கள், யாரும் போகலாம். பட்ஜெட்டை முடிவு செய்யுமுன் பொதுக்கூட்டம் நடத்தியே ஆக வேண்டும். அங்கே எழுந்து, “இயற்பியலுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? ஆன்லைன் வகுப்பா, பக்கத்து மாவட்டத்தோடு ஆசிரியரைப் பகிர்வதா?” என்று கேளுங்கள். சின்ன ஊர் என்பதால் பதில் சொல்ல வேண்டியவர் உங்களுக்கு எதிரேயே உட்கார்ந்திருப்பார். சில ஊர்களில் காலையில் உங்கள் மகனின் பஸ்ஸை ஓட்டியவரே அவர்தான். மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போக இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. இந்த ஆண்டே கேட்கத் தொடங்குங்கள்.