பசிக்குதா, தூக்கமா? பால் கொடுக்கும் அம்மாக்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, 12 நாள் பையன். அழுததும் எடுத்து வைத்தாலும் மார்பைப் பிடிக்காமல் திமிறுகிறான். என் பால் பிடிக்கவில்லையா?

பதில்: அதெல்லாம் இல்லைம்மா, நேரம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். பசியில் அழுகை கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்பே, அரைத் தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் உருளும், நாக்கை நீட்டி உதட்டை நக்குவான், கன்னத்தில் துணி பட்டால்கூட அந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு திரும்புவான், கையை வாய்க்குக் கொண்டுபோவான். அப்போதே எடுத்துவிடுங்கள். வீறிட்டு அழும்போது நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், காம்பு உள்ளே போகாது. முதலில் சட்டையைக் கழற்றி உங்கள் நெஞ்சோடு போட்டு அமர்த்துங்கள், அப்புறம் பால்.

கேள்வி: ஒரு மாதக் குழந்தை. சாயங்காலமானால் அரை மணிக்கு ஒரு தடவை கேட்கிறாள். மாமியார் ‘பால் பத்தலை, பவுடர் பால் கொடு’ என்கிறார்.

பதில்: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழக்கம், ஆனால் சம இடைவெளியில் இல்லை. சாயங்காலம் அடுக்கடுக்காகக் கேட்பது நிறையக் குழந்தைகளிடம் உண்டு. பத்துகிறதா என்று தெரிய துணியைப் பாருங்கள். நாளுக்கு 6 துணியாவது நனைத்து, எடையும் ஏறினால் பத்துகிறது. ஈரத் துணியை மாமியாரையே எண்ணச் சொல்லுங்கள், பாதிச் சண்டை குறையும். பவுடர் பால் உள்ளே போகப் போக உங்களிடம் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும், அப்புறம் நிஜமாகவே பத்தாது.

கேள்வி: குடிக்கிறானா, சும்மா சப்புகிறானா?

பதில்: தாடையைப் பாருங்கள். முதலில் வேகமாகச் சப்புவான். பால் இறங்கியதும் தாடை நன்றாகக் கீழே இறங்கும், நொடி நிற்கும், விழுங்கும் சத்தம் கேட்கும். கன்னம் குழிந்தாலோ உங்களுக்கு வலித்தாலோ பிடிப்பு சரியில்லை. வாயோரம் சுண்டுவிரலை விட்டு எடுத்து, கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி மறுபடி வையுங்கள்.

கேள்வி: வயிறு நிறைந்தது எப்படித் தெரியும்?

பதில்: இறுக்கிய முஷ்டி தளரும், தானே விட்டுவிடும்.

கேள்வி: 4 நாள் குழந்தை, அழுவதே இல்லை, எந்நேரமும் தூக்கம். எல்லோரும் சமத்து என்கிறார்கள்.

பதில்: இதுதான் எனக்குக் கவலை. இத்தனை சின்னக் குழந்தை கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் கொடுங்கள். எழுப்பியும் குடிக்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் நிறம் கால் வரை இறங்கினாலோ இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலில் காட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.