நீதிபதியின் நாற்காலியைக் காக்கும் சட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓர் உறுப்பு நாடு தன் நீதிமன்றங்களைத் தானே முடக்கத் தொடங்கினால் மற்ற நாடுகள் என்ன செய்ய முடியும்? இதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். போலந்து, ஹங்கேரி ஆகிய இரு நாடுகளைச் சுற்றியே பெரும்பாலான கேள்விகள் இருந்தன.

கேள்வி: அப்படிப்பட்ட நாட்டை ஒன்றியத்திலிருந்து நீக்கிவிட வேண்டியதுதானே?

முடியாது. ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டமான ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவு, தானாக வெளியேற விரும்பும் நாட்டுக்கு மட்டுமே வழி வைத்திருக்கிறது. பிரிட்டன் அப்படித்தான் போனது. வெளியேற்றும் பிரிவு எதுவும் இல்லை.

கேள்வி: 7ஆம் பிரிவை ‘அணுகுண்டு’ என்கிறார்களே, ஏன் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை?

தவறும் நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்க வழி சொல்லும் பிரிவு அது. தொடங்கினார்கள், முடிக்கவில்லை. போலந்து மீது, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2017 டிசம்பர் 20 அன்று அந்தப் பிரிவைக் கையில் எடுத்தது. ஹங்கேரி மீது ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018 செப்டம்பர் 12 அன்று எடுத்தது. முதல் கட்டத்தில், சட்டத்தின் ஆட்சிக்குத் தெளிவான ஆபத்து இருக்கிறது என்று சொல்வதற்கே உறுப்பு நாடுகளில் ஐந்தில் நான்கு பங்கு ஒப்ப வேண்டும். அடுத்த கட்டத்தில், தொடர்ச்சியான கடும் மீறல் நடந்திருக்கிறது என்று அறிவிக்க, குற்றம் சாட்டப்பட்ட நாட்டைத் தவிர மற்ற எல்லா நாட்டுத் தலைவர்களும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் வாக்குரிமையை நிறுத்திவைக்கலாம்.

ஒரே ஒரு நாடு தவறினால் இந்த ஏற்பாடு வேலை செய்யும். இரண்டு நாடுகள் கைகோத்துக்கொண்டால் ஒன்றுக்கு மற்றொன்று அரணாகிவிடும். அதுதான் நடந்தது. போலந்தின் வாக்குரிமையைப் பறிக்க ஒருபோதும் சம்மதிக்க மாட்டோம் என்று ஹங்கேரி வெளிப்படையாகவே சொன்னது. உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடும் ஒன்றியக் கவுன்சிலில் விசாரணைகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. ஆட்சி மாறிய பின் 2024 மே மாதம் போலந்து மீதான நடவடிக்கையை ஆணையம் முடித்துக்கொண்டது. முதல் கட்ட வாக்கெடுப்புகூட அதுவரை நடக்கவில்லை. அரசுகளை அரசுகளே தண்டிக்கும் ஏற்பாட்டின் பலவீனம் இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

கேள்வி: ஒரு நாட்டின் நீதித்துறை அமைப்பு அந்த நாட்டின் உள் விவகாரம். அதில் தலையிட லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு என்ன அதிகாரம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை போர்ச்சுகலின் ஒரு சம்பளத் தகராறிலிருந்து பிறந்தது. நிதி நெருக்கடியின்போது அங்கே அரசு ஊழியர்களின் ஊதியம் குறைக்கப்பட்டது. தணிக்கை நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியமும் அதில் சேர்ந்தது. ஊதியத்தில் கைவைப்பது எங்கள் சுதந்திரத்தில் கைவைப்பதாகும் என்று அவர்களுடைய சங்கம் வழக்குத் தொடுத்தது. 2018 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் தோற்றார்கள். ஊதியக் குறைப்பு எல்லோருக்கும் பொதுவானது, தற்காலிகமானது, ஆகவே அதில் தவறில்லை என்றது நீதிமன்றம்.

ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு பெரிய வெற்றி இருந்தது. ஒன்றியத்தின் சட்டத்தை அன்றாடம் அமல்படுத்துபவை உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்கள்தாம். உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு பயனுள்ள நீதிப் பாதுகாப்பைக் கோருகிறது. அப்படியானால் ஒன்றியச் சட்டத்தை விசாரிக்கக்கூடிய ஒவ்வொரு நீதிமன்றமும் சுதந்திரமாக இருந்தே ஆக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நீதித்துறையை எப்படி அமைப்பது என்பது அந்தந்த நாட்டின் உரிமை, ஆனால் அதன் சுதந்திரத்தைக் குலைக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் இல்லை. அடுத்து போலந்து மீது வந்த வழக்குகள் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தன.

கேள்வி: தீர்ப்பு வருவதற்குள் நீதிபதி வீட்டுக்குப் போய்விடுவாரே? பிறகு வென்று என்ன பயன்?

இந்த விஷயத்தின் உயிர்நாடியே இதுதான். இரண்டு நாடுகளின் கதையை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஹங்கேரி, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து ஒரேயடியாக 62 ஆக்கியது. அனுபவம் மிக்க நீதிபதிகள் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். 2012 நவம்பரில் லக்சம்பர்க் நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்றது. ஆனால் வழக்கு வயது அடிப்படையிலான பாகுபாடு என்ற கோணத்திலேயே நடந்தது. நீதித்துறையின் சுதந்திரம் என்ற பேச்சே அதில் எழவில்லை. தீர்ப்பு வந்தபோது முக்கியமான நாற்காலிகளில் வேறு ஆட்கள் அமர்ந்திருந்தார்கள். நீக்கப்பட்டவர்களில் பலர் பழைய பதவிக்குத் திரும்பவே இல்லை. வழக்கில் வென்றும் நீதிமன்றத்தை இழந்தார்கள்.

போலந்து 2018இல் இதே வழியில் போனது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 65 ஆனது. 72 நீதிபதிகளில் 27 பேரை அது பாதித்தது. அரசமைப்புச் சட்டப்படி ஆறு ஆண்டுப் பதவிக்காலம் கொண்ட தலைமை நீதிபதி மால்கோர்சாட்டா கெர்ஸ்டார்பும் அவர்களில் ஒருவர். ஜூலை 4ஆம் தேதி காலை, ஓய்வுபெற்றுவிட்டதாக அரசு சொன்ன பிறகும், அவர் ஆதரவாளர்கள் சூழ வழக்கம்போல வேலைக்கு வந்தார். இம்முறை ஆணையம் இடைக்கால உத்தரவும் கேட்டது. 2018 அக்டோபர் 19 அன்று, சட்டத்தை நிறுத்திவையுங்கள், நீதிபதிகளைத் திரும்ப அமர்த்துங்கள் என்று உத்தரவு வந்தது. சில நாட்களில் அவர்கள் பணிக்குத் திரும்பினார்கள். போலந்து நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது. இறுதித் தீர்ப்பு 2019 ஜூனில் வந்தது. கெர்ஸ்டார்ப் தன் பதவிக்காலத்தை 2020 ஏப்ரலில் முழுமையாக முடித்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டு வழக்குகளிலும் அரசுகள் செய்தது ஒன்றுதான். வேறுபாட்டை உண்டாக்கியது அந்த இடைக்கால உத்தரவு. ஆணையம் வழக்குப் போடும்போதே அதைக் கேட்காமல் தாமதிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் லக்சம்பர்க் நீதிமன்றமும் ஒன்றா?

இல்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) என்ற, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள தனி அமைப்பைச் சேர்ந்தது. ஹங்கேரியின் உச்ச நீதிமன்றத் தலைவர் ஆண்ட்ராஸ் பாக்கா, அரசின் நீதித்துறை மாற்றங்களை விமர்சித்ததற்காகப் பதவிக்காலம் முடிய மூன்றரை ஆண்டு இருக்கும்போதே நீக்கப்பட்டார். 2016இல் ஸ்ட்ராஸ்பர்க் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை.

கேள்வி: தீர்ப்பை மதிக்காத அரசை அபராதம் அசைக்குமா?

ஓரளவு. நீதிபதிகளைத் தண்டிக்கப் போலந்து உருவாக்கிய ஒழுங்கு நடவடிக்கை அமர்வை நிறுத்தும்படி 2021 ஜூலையில் உத்தரவு வந்தது. பணியாததால் அக்டோபர் 27 அன்று நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. போலந்து கட்ட மறுத்தது. ஆணையம் அந்தத் தொகையைப் போலந்துக்குச் சேர வேண்டிய ஒன்றிய நிதியிலிருந்து பிடித்துக்கொண்டது. அந்த அமர்வு 2022இல் கலைக்கப்பட்டது. ஆனால் குறைகள் எல்லாம் நீங்கிவிடவில்லை; அபராதம் 2023 ஏப்ரலில் பாதியாகத்தான் குறைந்தது.

கேள்வி: சட்டத்தின் ஆட்சியை மீறும் நாட்டுக்கு ஒன்றிய நிதியை நிறுத்தும் புதிய விதிமுறை இவற்றைவிட வலுவானதா?

ஆம், காரணம் எளிது: அதற்கு ஒருமித்த முடிவு தேவையில்லை, நாடுகளின் எண்ணிக்கையையும் மக்கள்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் தகுதிப் பெரும்பான்மை போதும். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. போலந்தும் ஹங்கேரியும் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகள் 2022 பிப்ரவரி 16 அன்று தள்ளுபடியாயின. அதே ஆண்டு டிசம்பரில் ஹங்கேரிக்கான சுமார் 630 கோடி யூரோ நிறுத்தப்பட்டது.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் சீரழிவது மட்டும் போதாது, அதனால் ஒன்றியத்தின் பட்ஜெட்டுக்கு நேரடியான ஆபத்து இருப்பதாகக் காட்ட வேண்டும். இன்னொன்று, நிதியைத் திறந்துவிடும் முடிவில் அரசியல் புகுந்துவிடுகிறது. வேறொரு விதியின் கீழ் முடங்கியிருந்த சுமார் 1,020 கோடி யூரோவை ஆணையம் 2023 டிசம்பர் 13 அன்று ஹங்கேரிக்கு விடுவித்தது. மறுநாள் உக்ரைன் பற்றிய உச்சி மாநாடு. அங்கே ஹங்கேரியின் சம்மதம் தேவைப்பட்டது. நீதித்துறைச் சீர்திருத்தத்துக்காகத்தான் கொடுத்தோம் என்றது ஆணையம். ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை நம்பாமல் ஆணையத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. நாடாளுமன்றத்தின் சந்தேகம் நியாயமானது என்பதே என் கருத்து.

கேள்வி: இவையெல்லாம் சாதாரண மனிதரைத் தொடுமா?

தொடும். போதைப்பொருள் வழக்கில் போலந்து தேடிய ஒருவர் அயர்லாந்தில் கைதானார். போலந்தில் எனக்கு நேர்மையான விசாரணை கிடைக்காது என்றார். ஐரிஷ் உயர் நீதிமன்றம் லக்சம்பர்க்கிடம் கேட்டது. நாட்டின் நீதித்துறை பொதுவாகப் பழுதானது என்பது மட்டும் போதாது, இந்த மனிதருக்கு உண்மையான ஆபத்து உண்டா என்றும் பார்க்க வேண்டும் என்று 2018 ஜூலையில் பதில் வந்தது. கடைசியில் அவரை ஒப்படைக்கவே உத்தரவானது. இரண்டாவது படியைத் தாண்டுவது மிகக் கடினம்.

கேள்வி: போலந்தில் ஆட்சி மாறிவிட்டதே, எல்லாம் சரியாகிவிட்டதா?

2023 டிசம்பரில் டொனால்டு டஸ்க் பிரதமரானார். 2024 பிப்ரவரியில், புதிய அரசின் செயல்திட்டத்தையும் முதல் சில நடவடிக்கைகளையும் நம்பி, 13,700 கோடி யூரோ வரையிலான நிதிக்கு ஆணையம் வழிவிட்டது. ஆனால் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் தேசிய நீதித்துறைக் கவுன்சிலைச் சீர்செய்யும் மசோதாவில் அப்போதைய அதிபர் ஆண்ட்ரேய் டூடா கையெழுத்திடவில்லை. அரசமைப்புத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினார். 2018இல் அரசியல்வாதிகள் கைக்குப் போன அந்தக் கவுன்சிலின் பரிந்துரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நியமனங்கள் நடந்திருக்கின்றன. அப்படி நியமிக்கப்பட்ட நீதிபதிகள் வழங்கிய விவாகரத்துகளும் சொத்துத் தீர்ப்புகளும் செல்லுமா? எல்லாவற்றையும் ரத்து செய்தால் லட்சக்கணக்கான குடும்பங்கள் தவிக்கும். அப்படியே விட்டால் முறைகேடு நிலைத்துவிடும். நியமனங்களை வகை பிரித்து, பயிற்சி முடித்து முதல் முறையாகப் பணிக்கு வந்த இளம் நீதிபதிகளை ஒரு பக்கமும், அந்தக் காலத்தில் மேல் நீதிமன்றங்களுக்குத் தாவியவர்களை மறுபக்கமும் வைத்துத் தீர்ப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். வழங்கப்பட்ட தீர்ப்புகளை, பாதிக்கப்பட்டவர் ஆட்சேபித்தாலொழிய, தொடக் கூடாது.